லிபோரியோவின் சட்டையைத் துவைத்தது நான்தான்

இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று அயாகுச்சோ மலையில் எங்கள் ஊருக்கு இருக்கிற ஒரே சினிமாக் கொட்டகை என்னுடையது. கல் சுமந்து நானே கட்டினேன். தலைநகர் லிமாவிலிருந்து படமெடுக்க வந்தவர்கள்கூட முதலில் என் வாசலில்தான் வந்து நின்றார்கள். அது இருக்கட்டும், சொல்ல வந்தது பொன்சியானாவைப் பற்றி.

என் கொட்டகை வாசலில் அவித்த உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் விற்கிறாள். பெரிய வாய்க்காரி. முன்பெல்லாம் கடையைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொன்னால் போதும், "என் வீட்டுக்காரர் வரட்டும் அனிசெட்டோ அண்ணே, உங்களப் பாத்துக்கிறேன்" என்பாள்.

ராணுவமும் கலகக்காரர்களும் அடித்துக்கொண்ட அந்தக் கெட்ட வருடங்களில் அவள் புருஷன் லிபோரியோவைச் சிப்பாய்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். உடலும் வரவில்லை, சேதியும் வரவில்லை. எங்களில் ஒருவர் செத்தால் ஐந்தாம் நாள் அவர் துணியை ஆற்றில் துவைப்போம். அப்போதுதான் உயிர் நிம்மதியாகக் கிளம்பும். வீட்டார் தண்ணீரைத் தொடக்கூடாது, ஊரார்தான் துவைக்க வேண்டும். பொன்சியானா சட்டையை யாரிடமும் கொடுக்கவில்லை. கொடுத்தால், அவன் செத்துப்போனான் என்று அவள் வாயாலேயே சொன்ன மாதிரி ஆகிவிடும். தலை நரைத்தது, மருமகன்கள் வந்தார்கள், சட்டை பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

லிமாக்காரர்களின் படம் அந்த வருடங்களைப் பற்றியதுதான். ஆனால் துப்பாக்கிச் சத்தமே கிடையாது. அதற்குப் பிறகு நாங்கள் எப்படி இருந்தோம் என்பதுதான் கதை. செத்தவர் துணியைத் துவைக்கும் காட்சிக்காக என் லாரியில்தான் எல்லோரும் ஆற்றுக்குப் போனோம். விதவையாக நடித்த பெண் கரையில் உட்கார்ந்தாள். ஊராரில் முன்னால் நின்றது நான், வேறு யார் நிற்பது?

"ஆரம்பிங்க" என்றாள் இயக்குநர் ரெனாட்டா. அவர்கள் கொடுத்த சட்டையைத் தண்ணீரில் முக்கப் போனேன். பொன்சியானா முதுகு மூட்டையை அவிழ்த்தாள்.

"அத அப்பிடி வைங்க அண்ணே. இதத் துவைங்க."

லிபோரியோவின் பழுப்புச் சட்டை.

"நெசமாத்தான் சொல்றியா?"

"கேமரா ஓடுதுல்ல, பேசாம துவைங்க." பிறகு நடிகையிடம் போனாள். "கொஞ்சம் நகந்து உக்காரு தாயி. அது என் எடம்."

என் வீட்டில் ஒரு கைக்குட்டைகூட நான் துவைத்ததில்லை. அன்று கை விறைக்கத் துவைத்தேன்.

"போதும், நிறுத்துங்க" என்றாள் ரெனாட்டா. யாரும் நிறுத்தவில்லை. ஆரம்பித்ததைப் பாதியில் விட்டு எங்களுக்குப் பழக்கமில்லை. அலசிப் புதர்மேல் விரித்தோம். கோக்கா இலை மென்றோம், சாராயமும் பொன்சியானாவின் உருளைக்கிழங்கும் கைமாறின. லிபோரியோ பந்தாட்டத்தில் சொந்த வலைக்குள்ளேயே கோல் போட்ட கதையை எடுத்துவிட்டேன்.

"அன்னைக்கி அவருக்கு நான் சூப்பே ஊத்தல" என்றாள் பொன்சியானா. சொல்லும்போதே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"ஐயா, இன்னொரு காட்சி பாக்கி இருக்கு" என்றாள் ரெனாட்டா.

"சட்டை காயட்டும்மா. நீயும் சாப்பிடு" என்றேன்.

உட்கார்ந்து சாப்பிட்டாள். கேமராக்காரர் நிறுத்தாமல் எடுத்துக்கொண்டே இருந்தார்.

படம் முதலில் ஓடியது என் கொட்டகையில்தான். முன் வரிசையில் பொன்சியானா. திரையில் நான் சட்டையைப் பிழிந்தபோது கொட்டகை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "பிழியிற அழகப் பாருங்க. என் வீட்டுக்காரர் இருந்திருந்தா இந்த மனுசனுக்குத் துவைக்கக் கத்துக் குடுத்திருப்பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து தொப்பியைக் கழற்றி வணக்கம் வைத்தேன்.