மேற்கே பார்த்து நின்றோம்

எங்கள் ஊரில் ஆறு முன்கூட்டியே தேதி சொல்லிவிட்டு வரும். வேலை நிமித்தமாகப் பயிற்சிக்குப் போன வடநாட்டு ஊர்களில் எல்லாம் இதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஆறுகள் எப்போதும் ஓடுகின்றன, அதனால் அவற்றை யாரும் வரவேற்பதில்லை. எங்கள் ஆறு கோடை முழுக்கக் காணாமல் போய்விட்டு மறுபடி வருகிறது, நாங்கள் மஞ்சள் குங்குமத்தோடு போய் அழைத்து வருகிறோம் என்பேன். அடுத்து கல்லணைக்குத் தாவுவேன். ஓடும் தண்ணீரில் நின்றால் காலடி மணல் அரித்துப் பாதம் கீழே இறங்குகிறது அல்லவா, அந்தச் சின்ன விஷயத்தைக் கவனித்து, பாறை மேல் பாறையாக இறக்கி அணை கட்டியவர்கள் எங்கள் ஆட்கள் என்பேன். கேட்டவர்கள் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போவார்கள்.

நான் பாசனப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மேட்டூரில் மதகு தூக்கினால் செய்தி யாரிடமிருந்து யாருக்கு, எந்த வரிசையில் போக வேண்டும், யாருக்கு நகல், யார் தண்டோரா போட வேண்டும் என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். 'பொதுமக்கள் ஆற்றில் இறங்கவோ, குளிக்கவோ, கால்நடைகளை ஓட்டிச் செல்லவோ கூடாது' என்ற வாக்கியத்தை எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. பிற்காலத்தில் 'செல்ஃபி எடுக்கவோ' என்பதையும் சேர்த்தோம். அரசாங்க மொழி வளர்ந்ததற்கு என் பங்களிப்பு அவ்வளவுதான்.

அந்த வாக்கியத்தில் அக்காவுக்கு எந்த நம்பிக்கையும் இல்லை.

அக்காவுக்கு எழுபது தாண்டிவிட்டது. கல்யாணமும் அதே ஊரில், அதே தெருவில்தான். காவிரியின் கிளையான குடமுருட்டிக் கரையை விட்டுக் கல்யாணம், காட்சிக்குப் போனதோடு சரி. சிறுவயதில் அப்பா எங்களைத் தலைத்தண்ணீர், அதாவது காய்ந்த ஆற்றில் முதலில் வரும் தண்ணீர், பார்க்கக் கூட்டிப்போவார். காய்ந்த மணலில் நடு ஆற்றில் நிற்போம். மேற்கே வெள்ளையாக ஒரு கோடு தெரியும். அது சருகையும் நுரையையும் எறும்பையும் தள்ளிக்கொண்டு, சலசலவென்று, மணல் குடித்தது போக மிச்சத்தோடு மெதுவாக வரும். அதன் முன்னால் பின்பக்கமாகவே நடப்போம். நாங்கள் நின்றால் அது காலைத் தொடும். அப்பா கற்பூரம் காட்டி, பூவும் நெல்லும் போட்டுவிட்டுக் கரையேறுவார். பெண்ணழைப்பு போல இதற்கு எங்கள் வீட்டில் ஆறழைப்பு என்று பெயர். ஊரில் மற்றவர்கள் எல்லாம் படித்துறையிலேயே முடித்துக்கொள்வார்கள். நடு ஆற்றில் போய் அழைப்பது எங்கள் குடும்பம் மட்டும்தான். அந்தத் திமிர் எனக்கும் உண்டு.

இந்த வருஷம் தண்ணீர் திறந்த செய்தி வந்ததும் சென்னையிலிருந்து போயிருந்தேன். காலையில் அக்கா தட்டில் பூவும் நெல்லும் கற்பூரமும் எடுத்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"படித்துறையோட நிறுத்திக்குவோம்க்கா. ஆறு முன்ன மாதிரி இல்ல. மணல் அள்ளி அள்ளிப் பள்ளமாக் கெடக்கு."

"ஆமா, பள்ளம். நீ ஆபீஸ்ல உக்காந்துருந்தப்பதான அள்ளுனாங்க?"

பேச்சை அவள் முட்டிக்கு மாற்றினேன்.

"முட்டி வலின்னியே?"

"ஏறத்தான் வலிக்கும். எறங்க வலிக்காது. நீ வரலன்னா போ, படியில பொம்பளைங்களோட நில்லு."

படித்துறைக்கு மேலே டீக்கடை வைத்திருக்கும் பாய் எங்களைப் பார்த்து, "சார், நீங்களே எறங்குறீங்களா?" என்றார். கூத்தாநல்லூர்க்காரர், வளைகுடாவில் பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டு வந்தவர். "நேத்துத்தான் ஆட்டோவுல மைக் கட்டிட்டு வந்து யாரும் எறங்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாங்க."

"அந்த மைக்ல பேசுனதே இவன் எழுதுனதுதான் பாய்" என்று சொல்லிவிட்டு அக்கா படியிறங்கினாள்.

படித்துறைக்கும், நடுவில் அள்ளாமல் விட்ட மணல் திட்டுக்கும் இடையில் ஆறு தோண்டிக் கிடந்தது. லாரிகள் போன தடம் இன்னும் இருந்தது. அதில் இறங்கியபோது கரை என் தலைக்கு மேலே போய்விட்டது. ஆற்றுக்குள் நின்று கரையை அண்ணாந்து பார்ப்பது சிறுவயதில் வேடிக்கையாக இருந்திருக்கும். இப்போது நடையை எட்டிப் போட்டேன். எங்கே ஆழம், எங்கே மேடு என்று மேலே காய்ந்த மணல் எதையும் சொல்லவில்லை. அக்கா கையில் தட்டோடு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். நான் வந்த வழியை மனதில் குறித்துக்கொண்டே போனேன்: சீமைக் கருவேலம், உடைந்த சிமென்ட் குழாய், டயர்.

திட்டில் ஏறி மேற்கே பார்த்து நின்றோம். வெயில் ஏறியது. வெள்ளைக் கோடு வரவில்லை. எதிர்க்கரை நாணல் அடர்ந்து எதையும் காட்டாமல் நின்றது. அக்கா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகி, கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வரும். எங்க போயிடப் போறா."

எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. தவளைச் சத்தம் கேட்டது. காய்ந்த ஆற்றில் தவளைக்கு என்ன வேலை என்று நினைத்தேன். நினைத்தேனே தவிர, திரும்பிப் பார்க்கவில்லை. காவிரி மேற்கிலிருந்து வருகிறது. பிறந்ததிலிருந்து அப்படித்தான் வருகிறது. எங்கள் ஊர்க்காரன் எவனும் ஆற்றை எதிர்பார்த்துக் கிழக்கே திரும்ப மாட்டான்.

கரையிலிருந்து பாயின் குரல் வந்தது. "சார். பின்னாடி. பின்னாடி பாருங்க."

திரும்பினேன். நாங்கள் நடந்து வந்த பள்ளத்தில் தண்ணீர் நின்றது. நுரை இல்லை, சத்தம் இல்லை. கிழக்கிலிருந்து மேற்காக, மரியாதையாக, ஒரு வேலைக்காரன் உள்ளே நுழைவது போல ஏறிக்கொண்டிருந்தது. டயர் ஏற்கெனவே தெரியவில்லை.

என்ன நடந்தது என்று எனக்கு அந்த நொடியிலேயே புரிந்தது. புரிந்ததுதான் பயத்தைக் கூட்டியது. தலைத்தண்ணீர் எதிர்க்கரையை ஒட்டிய ஆழத்தில், நாணலுக்குப் பின்னால், எங்களைத் தாண்டி எப்போதோ போய்விட்டது. கிழக்கே ஆற்றுக்குக் குறுக்கே உள்ள ரெகுலேட்டரில் கதவு இறக்கியிருப்பார்கள், கிளை வாய்க்காலுக்குத் தண்ணீர் ஏற. அங்கே முட்டித் திரும்பி எங்கள் பக்கப் பள்ளத்தை நிரப்புகிறது. மேலே இருந்து வரும் தண்ணீர் நிற்கப்போவதில்லை. இது ஏறும். ஏறிக்கொண்டே இருக்கும்.

"அக்கா, வா. உடனே வா."

அக்கா திரும்பிப் பார்த்தாள். ஒரு கணம் அவள் முகத்தில் அவமானம் போல ஒன்று தெரிந்தது, வாசலில் காத்திருக்கும்போது விருந்தாளி கொல்லைப்புறமாக வந்துவிட்ட மாதிரி. பிறகு நிதானமாகக் கிழக்கே திரும்பி நின்றாள்.

"இந்தப் பக்கமா வந்துட்டாளா. சரி."

தட்டைக் கீழே வைத்துக் கற்பூரம் பற்றவைக்கத் தொடங்கினாள். காற்றில் தீக்குச்சி அணைந்தது. இன்னொன்றை உரசினாள்.

"அக்கா, சாவப் போறோம்."

"பேசாம இரு. வந்தவள வெறுங்கையோடயா அனுப்புறது?"

எனக்கு நீந்தத் தெரியும். அதாவது, பதினைந்து வயதில் தெரியும். இப்போது நெஞ்சில் ஸ்டென்ட் இருக்கிறது, அக்காவுக்கு ஒரு முட்டி மடங்காது. இரண்டு பேரையும் சேர்த்தால் முழுசாக ஒரு ஆள் தேற மாட்டான். கற்பூரம் எரிந்தது. அவள் காட்டினாள். பூவைப் போட்டாள். நெல்லைப் போட்டாள். பூ மேற்கே போனது. ஆற்றில் போட்ட பூ மேற்கே போவதை என் வாழ்நாளில் முதல்முறையாகப் பார்த்தேன், உடம்பெல்லாம் கூசியது.

அவள் மணிக்கட்டைப் பிடித்து இறங்கினேன். முழங்கால், பிறகு தொடை. தண்ணீர் வெயிலுக்குச் சம்பந்தமே இல்லாமல் குளிர்ந்திருந்தது. நான் குறித்துவைத்த அடையாளங்களில் கருவேலம் மட்டும் தலைகாட்டியது. அதை நோக்கி நடந்தேன். பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பந்தல் மூங்கில் ஒன்றோடு படியில் இறங்கி நின்றார். "இப்புடி வாங்க, இப்புடி வாங்க" என்றார். அவருக்கும் எப்படி என்று தெரியாது. எங்களைப் பார்த்துக் கூப்பிடுவதற்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று சொன்னார்.

இடுப்பளவில் என் காலடி மணல் அரித்தது. பாதம் தானாகக் கீழே இறங்கியது. பயிற்சி வகுப்புகளில் நான் பெருமையாகச் சொல்லிய அதே விஷயம், சொன்னபடியே, விரல் முதல் குதிகால் வரை நடந்தது. பாறைக்கு அது நல்லது. அக்காவின் எடை முழுக்க என் கையில் தொங்கியது. அவள் ஏதோ முணுமுணுத்தாள். சாமி பெயர் என்று நினைத்தேன். காதைக் கொடுத்தால், "செருப்பு போச்சு, செருப்பு போச்சு" என்றாள்.

அடுத்த அடியில் தரையே இல்லை. நான் கழுத்து வரை முங்கினேன். அக்காவின் தலை ஒரு கணம் காணாமல் போனது. நான் எதையும் நினைக்கவில்லை. அந்த நேரத்தில் பெருமையும் இல்லை, ஊரும் இல்லை. கைக்குள் ஒரு மணிக்கட்டு இருந்தது, அது வழுக்கியது. இன்னும் இறுக்கினேன். மூங்கில் என் தோளில் இடித்தது. மறு கையால் அதைப் பற்றினேன். பாயும் படியில் நின்ற பெண்களும் இழுத்தார்கள்.

படியில் உட்கார்ந்தபோது என் பல் கிட்டித்துக்கொண்டது. அக்கா தண்ணீரைத் துப்பிவிட்டு, நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். குங்குமம் கரைந்து மூக்கு வரை வழிந்திருந்தது. ஒருத்தி, "என்ன பெரியம்மா, இந்த வயசுல" என்று ஆரம்பித்தாள்.

"நடு ஆத்துல நின்னு அழைச்சது எங்க வீடு மட்டுந்தான் இன்னும்" என்றாள் அக்கா, மூச்சு வாங்கியபடி. "எங்க தம்பியும் கூட வந்தான்."

பாய் டீ கொண்டுவந்தார். தம்ளரை வாங்க அக்கா கையை இழுத்தாள். கை வரவில்லை.

"விடுடா. வளையல் அழுத்துது."

விட வேண்டும் என்றுதான் நினைத்தேன். விரல் பிரியவில்லை. திட்டு இருந்த இடத்தில் இப்போது தண்ணீர் சமமாக ஓடிக்கொண்டிருந்தது, மேற்கிலிருந்து கிழக்காக, ஒழுங்காக. அக்கா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு இழுப்பதை விட்டுவிட்டு, இடது கையால் டீயை வாங்கிக் குடித்தாள்.