நாலாம் வகுப்பில் ஒரு அடைக்கோழி

வாத்தியார் வேலையில் சொல்லிக்கொடுப்பது சுலபம். சொல்லிக்கொடுக்காமல் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் பெரும்பாடு. சின்னப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், என்னோடு சேர்ந்து ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளுங்கள்.

நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் நாலாம் வகுப்பு எனக்கு. வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் கணக்கு. பிள்ளைகள் ஆசைப்பட்டதை அவர்களே செய்து பார்க்கட்டும் என்று எச்.எம். டீச்சரிடம் அதைக் கேட்டு வாங்கினேன். கொடுக்கும்போதே சொன்னார்: "பெற்றோர் கூட்டத்துல காட்டுறதுக்கு ஏதாவது இருக்கணும் தம்பி. இல்லேன்னா கணக்கு திரும்பி வந்துடும்."

யாருக்கு என்ன ஆசை

தென்னை மட்டையில் கிரிக்கெட் பேட் செய்வேன் என்றான் கதிர். உடனே முக்கால்வாசி வகுப்புக்கும் அதே ஆசை வந்துவிட்டது. ஸ்டெல்லா மட்டும் பேசவில்லை. பெயர் கூப்பிட்டால்கூட கையை மட்டும் தூக்குகிற பெண் அவள். காத்திருந்தேன்.

அறுப்பு முடிந்த வயலில் வாத்து மேய்க்க வந்தவர்களிடம் மூன்று முட்டை வாங்கி வைத்திருக்கிறாளாம். வீட்டில் கோழி ஒன்று அடைக்கு உட்கார்ந்திருக்கிறதாம். இரண்டையும் வகுப்புக்கே கொண்டுவந்து பொரிக்க வைக்க வேண்டுமாம். அதை வீட்டிலேயே செய்யலாமே என்றேன்.

"வீட்டுல வெச்சா அண்ணன் அவிச்சுத் தின்னுடும், சார்."

துணைக்கு நாலு

மூலையில் வைக்கோல் போட்ட கூடையில் கோழி உட்கார்ந்தது. சத்தம் போட்டால் எழுந்துவிடும் என்று ஸ்டெல்லா சொல்லிவிட்டதால் வாய்ப்பாட்டைக்கூட கிசுகிசுத்துத்தான் சொன்னோம். நாலாம் வகுப்பு இன்றைக்கு லீவா என்று எச்.எம். வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பள்ளிக்கு எதிர்வீடுதான் ஸ்டெல்லாவுக்கு, லீவு நாளில் தீனி அவள் பொறுப்பு.

வாத்து முட்டைகள் தனியாகக் கிடப்பது பாவமாக இருக்கிறதென்று கதிர் தன் வீட்டிலிருந்து நாலு கோழி முட்டை கொண்டுவந்து கூட வைத்தான். எல்லோருக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது, எனக்கும் சேர்த்து. கோழி முட்டைக்கு மூன்று வாரம், வாத்து முட்டைக்கு மேற்கொண்டு ஒரு வாரம் ஆகும் என்பது ஒருத்தருக்கும் தோன்றவில்லை. என்ன ஆச்சு என்று கேளுங்கள். நாலும் பொரித்தன. கோழி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு வராந்தாவுக்கு மேயப் போய்விட்டது. பிடித்து உட்காரவைத்தாலும் எழுந்து ஓடியது. ஸ்டெல்லா அழவில்லை. ஆறிக்கொண்டிருந்த மூன்று முட்டைகளையும் கையால் மூடிக்கொண்டு கூடை முன்னால் உட்கார்ந்துவிட்டாள். கதிர் பக்கத்திலேயே நின்றான்.

"துணைக்குத்தான் வெச்சேன். குஞ்சுங்க கோழிய கூட்டிட்டுப் போயிடும்னு தெரியாது."

முக்கி எடுத்த கோழி

பெற்றோர் கூட்டம் நெருங்கிவிட்டது. பல்ப் கட்டி சூடு வைக்கலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. அடக்கிக்கொண்டு, என்ன செய்யலாம் என்று மட்டும் கேட்டேன்.

"யார் வீட்டுல அடைக்கோழி இருக்கு?" என்றாள் ஸ்டெல்லா. அவள் சத்தமாகப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். கதிர் வீட்டில் இருந்தது. அவனைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். அங்கே அவன் அம்மா, அடை தெளிந்து முட்டை இடட்டும் என்று அந்தக் கோழியை வாளித் தண்ணீரில் முக்கி முக்கி எடுத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சொட்டச் சொட்ட என் கையில் கொடுத்துவிட்டார்.

"எத்தனை நாளா முக்குறேன், தெளிய மாட்டேங்குது. துவட்டி நீங்களே வெச்சுக்குங்க சார்."

வெந்நீர்

கூட்டத்தில் பேட்டுகளைக் காட்டினோம். ஒன்று கைப்பிடியோடு கழன்று வந்தது. அடுத்து ஸ்டெல்லா எழுந்து, "இன்னும் பொரிக்கல" என்று சொல்லிவிட்டு நின்றாள். கூமுட்டையாக இருக்கும் என்றது பின்னாலிருந்து ஒரு குரல். எச்.எம். என்னைப் பார்த்தார். கணக்கு திரும்பி வருவது எனக்குத் தெரிந்துவிட்டது.

"வெதுவெதுன்னு தண்ணி கொண்டாங்க. உசுரு இருந்தா ஆடும்" என்றார் கதிரின் அம்மா. சத்துணவு அடுப்பிலிருந்து குண்டான் வந்தது. ஸ்டெல்லா முட்டைகளை ஒவ்வொன்றாக மிதக்கவிட்டாள். முதலாவது சும்மா கிடந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது லேசாக ஒரு தரம் புரண்ட மாதிரி இருந்தது. எச்.எம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குண்டானுக்குள் தலையை விடாத குறையாகப் பார்த்தார்.

"ஆடுது. சரி, பொரிக்கிற வரைக்கும் கணக்கு வேணாம்."

கைகழுவும் இடத்தில்

பொரித்தது அந்த ஒன்றுதான். அடுத்து வந்த வெள்ளிக்கிழமை, பிள்ளைகள் கைகழுவும் குழாயடியில் தேங்கிய தண்ணீரில் அது இறங்கிவிட்டது. கதிர் வீட்டுக் கோழி கொக்கரித்துக்கொண்டு கரையைச் சுற்றிச் சுற்றி ஓடியது. நாலாம் வகுப்பே குழாயடியில் நின்றது. எச்.எம். வந்து பார்த்தார்.

"பொரிச்சாச்சே தம்பி, கணக்கு எடுக்கலாம்ல?"

என்னை முந்திக்கொண்டாள் ஸ்டெல்லா.

"இப்பத்தான் டீச்சர் நீந்தவே ஆரம்பிச்சிருக்கு."

கணக்கு இன்னும் அந்தப் பீரியடுக்குத் திரும்பி வரவில்லை. அந்த நேரத்தில் உங்களுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் அடைக்கு உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன், நல்லவேளை இதுவரை யாரும் என்னைத் தண்ணீரில் முக்கவில்லை.