அக்கா குடியிருந்த மாதிரி வீடு

கைதட்டினால் எரியும் விளக்கு, போனில் தட்டினால் விலகும் திரை, விரலைப் பார்த்துத் திறக்கும் கதவு. இப்படிப்பட்ட ஸ்மார்ட் வீடுகளை மட்டுமே விற்பது என்று அந்தத் தரகர் ஒரு கொள்கை வைத்திருந்தார். கொள்கை என்பது சற்றுப் பெரிய வார்த்தை. பழைய வீடுகளை மற்றத் தரகர்கள் விட்டுவைக்கவில்லை, அவ்வளவுதான். தொழிலில் அவருக்கு 'சுவிட்ச்' என்று பெயர். சுவிட்சைத் தொடாமலே விளக்குப் போடுகிறவருக்கு அது எப்படிப் பொருந்தும் என்று யாரும் யோசிக்கவில்லை. பட்டப்பெயர் வைப்பவர்கள் அவ்வளவு தூரம் யோசிக்கிறவர்களாக இருந்தால் வேறு ஏதாவது உருப்படியான வேலைக்குப் போயிருப்பார்கள்.

அவருடைய மகத்தான விற்பனை, சொந்த அக்காவுக்கே ஒரு வீட்டை விற்றது. அக்கா மருத்துவமனையில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள். யார் எதைச் சொன்னாலும் நாடி பிடித்துப் பார்த்த பிறகுதான் நம்புவாள். கணவர் போய், மகளும் கட்டிக்கொடுத்த இடத்துக்குப் போனபின் தனியாக இருந்தாள்.

"இது வீடு இல்லக்கா. உன்னைப் பாத்துக்கிற ஆளு."

"ஆளுன்னா சோறு போடணுமே. இது என்ன திங்கும்?"

"கரண்டு."

"அப்ப உன்னைவிடச் செலவு கம்மிதான். சரி, வாங்கு."

நாடி பார்க்காமல் அவள் நம்பிய ஒரே ஆள் தம்பி.

இந்தத் தொழிலில் ஒரு நடைமுறை உண்டு. வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காக, வீட்டை முதலில் தரகரின் போனோடு இணைத்துவிடுவார்கள். பத்திரம் பதிந்த அன்று தரகர் தன் போனிலிருந்து வீட்டை நீக்கி, வாங்கியவரின் போனில் ஏற்றிக் கொடுக்க வேண்டும். எல்லோருக்கும் அதை ஒழுங்காகச் செய்த மனிதர், அக்காவுக்கு மட்டும் தள்ளிப்போட்டார். அக்காவிடம் இருந்தது பழைய பட்டன் போன். புதுசு வாங்கியதும் மாற்றிக்கொள்ளலாம், நம்ம அக்காதானே என்று ஒரு ரிமோட்டைக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். பத்திரம் அக்கா பேரில். வீடு தம்பி சொல்படி.

பிறகொரு நாள் அலுவலகத்தில் வீடு வாங்க வந்த ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இதெல்லாம் காட்டும்போது நல்லாத்தான் சார் இருக்கும். குடி போனதும் பல்லிளிச்சிரும்." தரகருக்கு ரோஷம் வந்தது. போனை எடுத்தார். "ஆள் குடியிருக்கிற வீட்டையே காட்டறேன், பாருங்க." அக்கா வீட்டுக் கூடத்தில் விளக்கு எரிந்தது. திரை விலகியது. பாதுகாப்புக்கென்று மாட்டிய கேமராவில், துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா திடுக்கிட்டு நிமிர்வது தெரிந்தது. வந்தவர் கட்டியிருந்த கையைப் பிரித்து முன்பணம் கொடுத்தார்.

அதன்பின் அது வழக்கமாகிவிட்டது. காலி வீட்டை யாரும் நம்புவதில்லை. உள்ளே ஒரு மனுஷி எழுந்துபோய்த் திரையை மூடி, அது மறுபடி திறந்துகொண்டால் உடனே நம்புகிறார்கள்.

அக்கா போன் செய்தாள். "டேய், இந்த வீட்டுக்கு என்ன பேய் பிடிச்சிருக்கா? பட்டப்பகல்ல விளக்கு எரியுது, அணையுது."

"வீடு கத்துக்குதுக்கா. உன் பழக்கத்தைப் படிக்குது. மொதல்ல அப்படித்தான் இருக்கும்."

"நீ படிச்ச லட்சணத்துக்கு இது எவ்வளவோ தேவலை."

நம்பிவிட்டாள். அதன்பின் விளக்கு மின்னும்போதெல்லாம் மேலே பார்த்து, "போதும், கொஞ்சம் கண்ணுக்கு ஓய்வு குடு, அப்புறம் படிக்கலாம்" என்று வீட்டிடம் கனிவாகச் சொல்வாள். போனில் அதைப் பார்த்த ஒரு வாடிக்கையாளர் விழுந்து விழுந்து சிரித்தார். தரகரும் கூடச் சேர்ந்து சிரித்தார். வாடிக்கையாளர் சிரிக்கும்போது உம்மென்று இருப்பது தொழில் மரியாதை அல்லவே. அந்தச் சிரிப்பை மட்டும் எப்படியாவது திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா என்று இன்றைக்கும் பார்க்கிறார். விற்றது விற்றதுதான்.

சிரித்தவர் பக்கத்து வீட்டையே வாங்கிக் குடிவந்தார். அவர் மனைவி அறிமுகம் செய்துகொள்ள வந்தாள்.

"உங்களை எங்களுக்கு முன்னாடியே தெரியுமே! தரகர் போன்ல பாத்தோம். குளிச்சிட்டு வந்து தலை துவட்டிட்டு இருந்தீங்க. வீட்டோட பேசினீங்க பாருங்க, அதுல எங்க வீட்டுக்காரர் கவுந்துட்டாரு."

அக்கா டீ போட்டுக் கொடுத்தாள். சிரித்த முகமாக வாசல் வரை வந்து வழியனுப்பினாள். திரும்பி வந்து கேமரா மேல் ஒரு துண்டைப் போட்டாள்.

மறுநாள் தரகரின் போனில் கட்டம் போட்ட துணி மட்டும் தெரிந்தது. கேமரா பழுது என்று நினைத்துக்கொண்டார். அந்த வாரமே போட்டித் தரகர் வழிமறித்தார். "என்ன சுவிட்ச், உடம்புகிடம்பு சரியில்லையா? உங்க அக்கா வீட்டை விக்கச் சொல்லி எங்கிட்டக் குடுத்திருக்காங்க. சாதாப் பூட்டு போட்ட வீடா ஒண்ணு பாக்கச் சொன்னாங்க."

தரகர் ஓடினார். மணியை அழுத்தினார். கதவருகே இருந்த ஸ்பீக்கரில் மூச்சு கேட்டது.

"அக்கா, நான்தான்."

"தெரியுது."

"கதவைத் திற."

"நீயே திறந்துக்க. உன் போன்லதானே இருக்கு."

இருந்தது. ஒரு விரல் தட்டினால் போதும். எத்தனையோ பேர் வீட்டுக் கதவைத் திறந்து காட்டிய விரல் அது.

"அப்படிச் சொல்லாதக்கா. நம்ம அக்காதானேன்னு..."

"நானும் அதைத்தான்டா நெனச்சேன். நம்ம தம்பிதானேன்னு. எத்தனை பேருக்குடா காட்டினே?"

எந்த வீட்டின் சதுர அடியையும் கூசாமல் கூட்டிச் சொல்லும் அந்த நாக்குக்கு இப்போது ஒரு பொய் எண்கூட வரவில்லை. "எண்ணலக்கா."

அவர் போனை எடுத்தார். பதிவன்றே செய்திருக்க வேண்டியதைச் செய்தார். 'இந்த வீட்டை நீக்கவா?' என்று போன் கேட்டது. நீக்கினார். 'உங்களோடு எந்த வீடும் இணைக்கப்படவில்லை' என்றது.

"அக்கா, எடுத்துட்டேன். இனிமே என்னால திறக்க முடியாது. நீயா திறந்தாத்தான் உண்டு."

ஸ்பீக்கர் பேசவில்லை. அதன் சின்னப் பச்சை விளக்கு அணைந்திருந்ததைப் பிறகுதான் பார்த்தார். அதுவும் அவர் கணக்கில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சொன்னது உள்ளே போனதா, அவள் ஏதாவது சொல்லி அது வெளியே வரவில்லையா, தெரியவில்லை. முஷ்டியால் தட்டினார். ஒலி புகாத உயர்ரகக் கதவு. அதற்காகவே கூடுதல் விலை சொல்லி அவர்தான் விற்றிருந்தார்.

உள்பக்கம் கையால் திருகித் திறக்கும் பிடி ஒன்று உண்டு. அது திரும்பிக் கதவு அசைகிறதா என்று பார்த்தபடி நின்றார். ஆள் நடமாட்டம் இருந்தால்தான் கதவுக்கு வெளியே இருந்த நடைகூடத்தில் விளக்கு எரியும். அசையாமல் நிற்பவரை அது ஆளாகவே மதிப்பதில்லை. கொஞ்ச நேரத்தில் விளக்கு அணைந்தது. கையை லேசாக ஆட்டியிருந்தால் மறுபடி எரிந்திருக்கும்.

அவர் ஆட்டவில்லை.