பேச்சியம்மாவின் மூங்கில்

பனி இறங்கிவிட்டால் பேச்சியம்மா கண்ணை நம்புவதில்லை. குனிந்து தண்டவாளத்தில் உள்ளங்கையை வைத்து அதிர்வு பார்க்கிறார். பிறகு நிமிர்ந்து, சிவப்புக் கொடியை உதறி, கயிற்றைத் தளர்த்தி ரயில் கடவையின் குறுக்கே மூங்கிலை இறக்குகிறார். தேயிலைத் தோட்டத்திலிருந்து அட்டன் டவுனுக்குப் போகும் ஒரே பாதை அத்துடன் அடைபட்டுவிடுகிறது.

கேட் காவலுக்கு வருவதற்கு முன்பு கொழுந்து பறித்தவர். "அப்ப காலையில பேரு கூப்புடுற பெரட்டுல தொரை முன்னால நாங்க நின்னோம். இப்ப என் கேட்டுல தொரை நிக்கிறாரு" என்று சொல்லும்போது தொப்பியைச் சரிசெய்துகொள்வார். கொடிகளைத் தனித்தனியாகத்தான் துவைப்பார். "ஒண்ணா அலசுனா பச்சையில செவப்பு ஏறிரும். அப்புறம் டிரைவரு எதைன்னு பாப்பாரு?"

மூங்கிலை ஏற்றுவதிலும் அவருக்கு ஒரு முறை உண்டு. பஸ்ஸுக்கும் கொழுந்து லொறிக்கும் செங்குத்தாக. ஆட்டோவுக்குக் கூரை தப்பும் அளவு மட்டும். ஆட்டோ ஓட்டிய என் தம்பி துஷாந்த் தினமும் வம்பிழுப்பான்.

"அக்கா, நமக்கும் ஒரு நாளைக்கு முழுசா ஏத்துங்களேன்!"

"நீ பஸ்ஸு வாங்கிட்டு வா, பாப்போம்."

போன மாதம் காய்ச்சலில் அவன் போய்விட்டான். சவப்பெட்டியைத் தோளில் சுமந்து கடவைக்கு வந்தபோது எதிரே நிற்பவர் தெரியாத பனி. ராகுகாலத்துக்கு முன் மயானம் சேர வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம். தண்டவாளத்தைத் தொட்டுப் பார்த்த பேச்சியம்மா மூங்கிலை இறக்கினார். முன்னால் போன தப்பு மேளச் சத்தம் நின்றது.

"பொணத்துக்குமா கேட்டு? ரயிலு சத்தமே இல்லியே, தூக்கு!" என்று மாமா கத்தினார். இரண்டு பேர் குனிந்து நுழையப் பார்த்தார்கள்.

பேச்சியம்மா குறுக்கே வந்து நின்றார். "தம்பிக்கு இனி அவசரமில்லீங்க. சொமக்கிற உங்களுக்குத்தான் உசிரு இருக்கு. என் கேட்டுல ஒரு கோழிகூட அடிபட்டதில்ல."

மாமா பதில் சொல்வதற்குள் வளைவில் பதுளை ரயில் ஊதியது. பனிக்குள்ளிருந்து முதலில் வெளிச்சம் மட்டும் வந்தது. சன்னலில் கையசைக்க வந்த வெள்ளைக்காரப் பெண் எங்களைக் கண்டதும் கையைப் பாதியில் இறக்கிக்கொண்டாள். மாமா தோள்துண்டால் முகத்தைத் துடைத்தார்.

ரயில் கடந்து போனது. தம்பியின் பெட்டி கடப்பதற்குப் பாதி ஏற்றமே போதும். பேச்சியம்மா கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தார். மூங்கில் செங்குத்தாக நின்றது. எப்போதும் கம்பத்தில் கட்டிவிடும் கயிற்றை அன்று கட்டவில்லை. தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கடைசி ஆள் கடக்கும்வரை அந்தப் பாரத்தைத் தன் இரு கைகளாலேயே பிடித்திருந்தார்.