நாய் படுத்த பாய்

அந்த நாயை என் மகள்தான் கொண்டுவந்தாள். பக்கத்து வளவுக்காரர் வாவியைக் கடந்து அக்கரைக்குப் போனபோது வள்ளத்தில் ஆட்களுக்கே இடம் போதவில்லை. நாயை விட்டுவிட்டுப் போனார்கள். ஷெல் விழுந்த அவர்கள் குசினிக்குள் அடுப்புக்குப் பின்னால் சாம்பலோடு சாம்பலாக ஒட்டிக்கிடந்ததாம். மண்ணிற நாய், ஒரு வயதுகூட இராது. மகள் அதை எங்கள் முற்றத்தில் இறக்கிவிட்டதுதான் தாமதம், ஓடிப்போய் நான் பின்னி அடுக்கியிருந்த பாய்களுக்குப் பின்னால் புகுந்துகொண்டது. மகளின் சட்டை முழுக்க மயிர்.

பயந்த நாய்க்கு மயிர் இப்படிக் கொட்டும் என்று நான் அதற்கு முன் கண்டதில்லை. சோற்றுப் பானை மூடியில் மயிர். குடத்துத் தண்ணீரில் மயிர். என் கணவர் வெற்றிலை வட்டாவைத் திறந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்ச பாருகா. நான் இப்ப வெத்திலையச் சப்புறதா, நாயச் சப்புறதா?"

சிரிப்பாகத்தான் சொன்னார். ஆனால் காரியம் சிரிப்பில்லை. அந்த நாளில் அவர் வலையோடு வாவிக்குள் இறங்குவது ஆமிக்காரர் விட்டால்தான். பல நாள் விடமாட்டார்கள். வீட்டில் உலை வைத்தது என் பன்பாய். குளத்தோரத்தில் வளரும் பன்புல்லை வெட்டி, காயவைத்து, நான் பின்னுகிற பாயை வெயிலுக்கு நேரே பிடித்தாலும் ஒரு பொட்டு வெளிச்சம் ஊடே வராது. இதை நானே சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. ஊரும் அப்படித்தான் சொன்னது.

என் பாயை வாங்கியவர் காத்தான்குடி முஸ்லிம் வியாபாரி, அண்ணன் முறைக்கு நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர். தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் ஊருக்கு மற்றவர் போகப் பயந்திருந்த காலம் ஒன்று இருந்தது. அது முழுதாகத் தீருமுன்பே சைக்கிளை உருட்டிக்கொண்டு முதலில் வந்தவர் அவர்தான். அந்த முறை தொழுகைப் பாய் கேட்டிருந்தார். "பள்ளிக்கு விரிக்கிறதுக்கு. உங்கட கையால வேணும் தங்கச்சி" என்றார். தொழுகைப் பாயில் நாய் படக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"மறுகா யோசிக்க ஒண்டுமில்ல. வள்ளத்தில ஏத்தி அக்கரையில விட்டுட்டு வாறன்" என்றார் கணவர்.

மகள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "அது போனா நானும் போறன்" என்றாள்.

பதினைந்து வயதுப் பிள்ளை. அந்தக் காலத்தில் பெண்பிள்ளையின் வாயிலிருந்து அந்தச் சொல் விழுந்தால் அது கோபத்தில் சொன்ன சொல் மட்டுமில்லை. அவளோடு படித்த ஒருத்தி பள்ளிக்கூடப் பையை வேலியில் மாட்டிவிட்டுக் காட்டுக்குப் போனவள். இயக்கத்தோடு சேர்ந்து துவக்குத் தூக்கப் போனாள் என்று பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு என் மகள் வீட்டில் பேசுவதே குறைவு. நாய் வந்த பிறகுதான் வாய் திறந்தாள், அதுவும் நாயோடு. கணவரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் வள்ளத்துப் பேச்சை அதோடு விட்டார். நாய் இருக்கவேண்டும், மயிர் பாயில் படவும் கூடாது. அதற்கு வழி நான்தான் பார்க்கவேண்டியிருந்தது.

மகள் நாயின் முன்னால் குந்தியிருந்து, கண்ணைப் பார்த்துக் கொஞ்சுவாள். அது இன்னும் உள்ளே ஒடுங்கும்.

"கண்ணப் பாராத புள்ள" என்றேன். "சென்றியில ஆமிக்காரன் உன்ட கண்ணப் பார்த்துக்கொண்டு நிண்டா உனக்கு எப்பிடியிருக்கும்?"

அவள் அதன் பிறகு பார்க்கவில்லை.

நான் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து பாய் பின்னினேன். மீன்தலை அவித்த தண்ணீரில் சோற்றைப் பிசைந்து எனக்குப் பின்னால் வைப்பேன். திரும்பமாட்டேன். முதலில் நான் எழும்பிப் போன பிறகு தின்றது. பிறகு நான் இருக்கும்போதே நக்குகிற சத்தம் கேட்டது. ஒருநாள் ஈரமூக்கு என் முழங்கையில் பட்டது. அப்போதும் நான் திரும்பவில்லை. கை மட்டும் பின்னலில் அப்படியே நின்றுவிட்டது.

மயிருக்குக் கணவரின் கிழிந்த வலைத் துண்டு உதவியது. அதைக் கையில் சுற்றிக்கொண்டு முதுகில் தடவினால் கொட்டுகிற மயிரெல்லாம் கண்ணிகளில் சிக்கும். வேலியோரம் கொண்டுபோய் உதறுவோம். மகள் காலையும் மாலையும் தடவினாள். வேலை செய்யும் இடத்தை விட்டுத் தள்ளி நாயைப் பூவரசில் கட்டவும் பழக்கினோம். கட்டாமல் விடவும் பயம். வெடிச் சத்தம் கேட்டால் அது கண்மண் தெரியாமல் ஓடும். ஒழுங்கை முடிகிற இடத்தில் ஆமிக்காரரின் காவலரண், சென்றி. அங்கே ஓடிப்போன நாய்கள் திரும்பியதில்லை.

தொழுகைப் பாய்கள் முடிந்து முற்றத்தில் வெயிலுக்கு விரித்திருந்தேன். மகள் நாயை அவிழ்த்துத் தண்ணீர் வைத்த நேரம் ஹெலிகொப்டர் ஒன்று தென்னைமட்டத்தில் வந்தது. நாய் பாய்ந்து பாய்களுக்கு அடியில் புகுந்து, சுருட்டி, உருண்டு, சத்தம் போன பிறகும் வெளியே வரவில்லை. இழுத்து எடுத்துப் பார்த்தால் பாய் முழுக்க மயிர்.

எங்கள் வீட்டு வழக்கத்தில் எந்தத் தீட்டுக்கும் தண்ணீர்தான் மருந்து. நான் ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. கிணற்றடிக்குக் கொண்டுபோய்ப் பாய்களை ஊற ஊறக் கழுவி வேலியில் போட்டேன். அவை காயுமுன்பே நானா வந்துவிட்டார்.

மறைத்து விற்க எனக்கு வராது. "நானா, பாயில நாய் படுத்திட்டு. ஆனா நல்லாக் கழுவியிருக்கன்" என்றேன்.

பாயைத் தொடப் போன கையை அவர் இழுத்துக்கொண்டார்.

"கழுவினீங்களா? ஐயோ தங்கச்சி! காய்ஞ்ச பாய், காய்ஞ்ச நாய். மயிர உதறி எடுத்திருந்தாப் போதுமே! நனைச்சுத்தானே காரியத்தக் கெடுத்தீங்க. ஈரம் பட்டா நாய்ட நஜீஸ், அந்த அசுத்தம், ஒட்டிப்போகும். இனி ஏழு தரம் கழுவணும், அதில ஒரு தரம் மண் கரைச்ச தண்ணியால."

கணவர் நாயைப் பார்த்தார். மகள் அவரைப் பார்த்தாள்.

நானா நல்ல மனிதர். "பரவாயில்ல, வீட்டில படுக்கிற பாயா ஆருக்கும் குடுக்கிறன்" என்றார்.

"தொழுகைக்கெண்டு பின்னினது நானா. தொழுகைக்குத்தான் போகும். நீங்க நிண்டு சொல்லுங்க, நாங்க கழுவுறம்."

நாயைப் பூவரசில் இறுக்கிக் கட்டினோம். எங்கள் கைகளையும் அவர் சொன்னபடியே கழுவவைத்தார். பிறகு அவரே சாரத்தை மடித்துக் கட்டி, வாளியால் அள்ளி ஊற்ற, நானும் மகளும் பாயின் இரண்டு தலைப்பிலும் பிடித்தோம். மண் தண்ணீர் முதலில். மகள் சத்தமாக எண்ணினாள். கடைசிப் பாய்க்கு ஐந்து என்று சொன்ன வாயோடு அவள் நின்றுவிட்டாள். வாவிப் பக்கத்தில் மறுபடியும் ஹெலிச் சத்தம்.

நாய் கயிற்றின் அளவுக்குப் பாய்ந்து விழுந்தது. எழும்பி மறுபடி பாய்ந்தது. முடிச்சு இறுகி நாக்கு வெளியே வந்தது.

"அம்மா, கழுத்து நெரியுது!"

அவிழ்த்தால் ஒன்றில் பாய்க்குள் புகும், அல்லது சென்றிக்கு ஓடும். அவிழ்க்காவிட்டால் அவள் கண்முன்னே சாகும். "நானா, பிடியுங்க" என்று என் பக்கத்துப் பாய்த் தலைப்பை அவர் கையில் திணித்துவிட்டு ஓடினேன். நானா பாயைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு கிணற்றுக்கட்டில் ஏறி நின்றார். கழுவி முடிந்த மற்றப் பாய்களை மகள் அள்ளிக்கொண்டாள். கணவர் படலையில் போய், கோழி மறிப்பதுபோல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

முடிச்சைத் தளர்த்தினேன். நாய் உருவிக்கொண்டது. நான் கூப்பிடவில்லை, பிடிக்கவும் போகவில்லை. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாய் பின்னுகிறவள்போல் மண்ணில் உட்கார்ந்தேன். தலைக்கு மேலே தென்னோலை அடித்துக்கொண்டது.

என் கக்கத்துக்குள் ஒரு மூக்கு இடித்து நுழைந்தது. உடம்பு முழுவதும் நடுங்கிக்கொண்டு அது என்னோடு ஒட்டிக்கொண்டது. என் நனைந்த சேலையெல்லாம் மயிர்.

"தங்கச்சி, அப்பிடியே இருங்க!" கிணற்றுக்கட்டிலிருந்து நானா கத்தினார். "அல்லாவுக்காக எழும்பிடாதீங்க! இந்தப் பக்கம் வந்தா மறுகா ஒண்டிலயிருந்து தொடங்கணும்!"

"நான் எங்க எழும்புற நானா, இது விட்டாத்தானே!"

கணவர் படலையைச் சாத்திவிட்டு வந்து நான் விட்ட பாய்த் தலைப்பைப் பிடித்தார். "ஆறு" என்றாள் மகள். ஏழும் முடியும்வரை நான் நாயோடு மண்ணிலேயே இருந்தேன்.

பாய்கள் காய்ந்து பள்ளிக்குப் போயின. அதற்குப் பிறகு நானா ஒழுங்கை முனையிலேயே நின்று சைக்கிள் மணியை நீளமாக அடிப்பார். மகள் நாயைக் கூட்டிக்கொண்டு பின்வளவுக்குப் போய், அவர் போகும்வரை அங்கேயே இருப்பாள். சில நாள் மணி கேட்டதும் அவளுக்குக் கோபம் வரும்.

"இந்த நானாவுக்கு நேரங்காலமே இல்ல அம்மா. நாய் இப்பத்தான் கண்ண மூடினது. கொஞ்சம் நிண்டு வரச் சொல்லுங்க."

நான் படலைக்குப் போய் அப்படியே சொல்லுவேன். நானாவும் ஒழுங்கையில் நிற்பார்.