கோட்டை ஸ்டேஷனில் ஏறிய ரிக்‌ஷா

போன வாரம் புதுக்கோட்டை ரயிலடியில் ஒரு வெள்ளைக்காரப் பையனைப் பார்த்தேன். முதுகில் அவன் உயரத்துக்கு ஒரு பை. எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்குத் தெரிந்த ஓட்டை இங்கிலீஷில் விசாரித்தேன். நார்த்தாமலை போக வேண்டுமாம். ஓர் ஆட்டோக்காரத் தம்பியைக் கூப்பிட்டு, "இவரை நார்த்தாமலையில எறக்கி விட்டுட்டு வர்றீங்களா?" என்றேன்.

"தாத்தா, எனக்கு ஒங்க பேரன் வயசு. என்னையப் போயி வாங்க போங்கங்குறீங்க!" என்று அவன் சிரித்தான்.

இந்தக் கேலி எனக்குப் பழகிப்போனதுதான். "நம்ம வீட்டுக்காரரு கோழி வாசலுக்கு வந்தாக்கூட, போங்கன்னுதான் வெரட்டுவாக" என்று என் மனைவி ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். சொல்லட்டும். ஏன் அப்படி ஆனேன் என்று அவளிடம்கூட நான் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

நானும் ஒரு காலத்தில் முதுகில் மூட்டையோடு திருதிருவென்று நின்றவன்தான். நின்ற இடம் கொழும்பு. இரண்டாம் உலகச் சண்டைக்கு முந்திய காலம். பத்தாம் வகுப்பில் கோட்டை விட்டுவிட்டு வீட்டில் தண்டச்சோறு தின்றுகொண்டிருந்தேன். என் அக்கா வள்ளிக்கண்ணுவின் புருஷன் சின்னையா மச்சான் கொழும்பில் ஒரு கம்பெனியில் மேனேஜர். கல்யாணமான ஆறாம் மாதமே கப்பலேறியவர். அவர் போன பிறகுதான் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஊரில் எவன் சட்டை போட்டுக்கொண்டு மிடுக்காக நடந்தாலும், "இவரு பெரிய சின்னையா மேனேஜரு" என்பார்கள். அந்த மச்சானிடம் போனால் ஒரு நாற்காலியாவது கிடைக்காதா? அவருக்குத் தகவல்கூடச் சொல்லாமல் கிளம்பிவிட்டேன். சொந்தக்காரர் வீட்டுக்குச் சொல்லிவிட்டுப் போகிற வழக்கம் நம் பக்கத்தில் எங்கே இருந்தது!

அரிசிச் சாக்கை இரண்டாக வெட்டி, கயிறு கோத்து, முதுகில் மாட்டுகிற மாதிரி அக்காதான் தைத்துக் கொடுத்தாள். முறுக்கும் பொரிவிளங்காய் உருண்டையும் வைத்து அடைத்திருந்தாள். இங்கிருந்து மானாமதுரை, அங்கிருந்து தனுஷ்கோடி, கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயில். கடலைக் கண்டதும் குடலே வெளியில் வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். பக்கத்தில் இருந்த மணமேல்குடிக்காரர் ஒருவர், "இந்தத் தண்ணிக்கேவா!" என்று சிரித்தார்.

கொழும்பு கோட்டை ஸ்டேஷனுக்கு வெளியே வந்ததும் மாசிக் கருவாட்டு வாசம் மூக்கைப் பிடித்தது. இன்றைக்கும் எந்தக் கடையிலாவது அந்த வாசம் வந்தால் எதிர்ப்பக்கம் மாறி நடக்கிறேன். எதிரே டிராம் வண்டி மணியடித்துக்கொண்டு போனது. அப்புறம் வரிசையாகக் கைரிக்‌ஷாக்கள். மாடு பூட்டுகிற இடத்தில் மனிதன் நின்று இழுத்துக்கொண்டு ஓடுகிற வண்டி. இழுக்கிறவர்கள் எல்லாம் நம் பக்கத்து ஆட்கள். எனக்கு அசட்டுத் தைரியம் வந்துவிட்டது. நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி, "கொச்சிக்கடையில சின்னையா மேனேஜர் வீடு யாருக்குய்யா தெரியும்?" என்று கத்தினேன்.

அத்தனை பேரும் கொல்லென்று சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒருவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் பின்னாலிருந்து ஓர் ஆள் விறுவிறுவென்று வந்து என் மூட்டையை வாங்கி வண்டியில் வைத்துவிட்டு, "ஏறுங்க" என்றான். கண் வரைக்கும் இழுத்துக் கட்டிய துண்டு, ஒரு வாரத் தாடி, கரிக்கட்டையாகக் கருத்த உடம்பு. அவ்வளவுதான் பார்த்தேன். ரிக்‌ஷாக்காரன் முகத்தை அன்றைக்கு யார் உற்றுப் பார்த்தார்கள்?

ஏறி, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அந்தச் சுகத்தை மறைத்துப் பேச மாட்டேன். ராஜா மாதிரித்தான் இருந்தது. வழி நெடுக வாய் ஓயவில்லை. மச்சானின் கம்பெனி, அவருக்குக் கீழே நூறு பேர், அவர் உட்காருகிற சுழல் நாற்காலி என்று நான் கண்டதையெல்லாம் அளந்துவிட்டேன். ஒரு மேட்டில் ஏறும்போது வண்டி தளர்ந்தது. அந்த ஆளுக்கு மூச்சு வாங்கியது.

"என்னப்பா, கஞ்சி குடிக்கலையா? ஓடு, ஓடு! எங்க மச்சான்கிட்டச் சொன்னேன், ஒன் வண்டியவே பிடுங்கிப்புடுவாரு" என்றேன்.

அவன் ஓடினான். மேடு ஏறி முடித்ததும், திரும்பிப் பார்க்காமலே ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"மேனேஜரு புள்ள நடக்குதுங்களா?"

"ஓ, நடக்குது. நடந்து என்னா? வேட்டி கட்டுன ஆளு யாரு வந்தாலும் ஓடிப்போயி காலைக் கட்டிக்கிட்டு அப்பாங்குது. அன்னைக்கு வளையக்காரரையே அப்பான்னு கட்டிப்பிடிச்சிருச்சு. எங்கக்கா சிரிச்சுக்கிட்டே உள்ள போயி அழுதுச்சு."

ஒரு சந்தில், வரிசையாக அறைகள் வைத்துக் கட்டிய நீள லயன் வீட்டின் முன்னால் என்னை இறக்கினான். "இங்கிட்டு இருங்க. அவரு பொழுது சாய வருவாரு" என்றான். கூலியைத் தலை குனிந்தபடியே வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

பொழுது சாய மச்சான் வந்தார். மழமழவென்று சவரம், வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் பேனா. வாசலிலேயே கையை விரித்து, "வாடா மாப்ளே! எப்படா வந்தே? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆபீசுக் காரை அனுப்பியிருப்பேன்ல!" என்று என்னைக் கட்டிக்கொண்டார். இளைத்திருந்தார். பெரிய உத்தியோகமென்றால் கவலையும் இருக்கும்தானே என்று நினைத்துக்கொண்டேன். நேரே ஓர் ஓட்டலுக்குக் கூட்டிப்போனார். இடியாப்பமும் தேங்காய்ப்பால் சொதியும். நான் வெளுத்துக் கட்டினேன். அவர் சாப்பிடாமல் அக்காவைப் பற்றி விசாரித்துக்கொண்டே இருந்தார். பேச்சுவாக்கில் சிரித்துக்கொண்டு சொன்னார்:

"வளையக்காரரைக்கூட அப்பாங்கிறாளாமேடா!"

கொழும்பில் அதை ஒரே ஒருவனிடம்தான் சொல்லியிருந்தேன். மேஜைக்கு அடியில் பார்வை போனது. வெள்ளை வேட்டிக்குக் கீழே பாளம் பாளமாக வெடித்த பாதங்கள். வெடிப்புக்குள் ரோட்டுத் தார். நிமிர்ந்தேன். அவருக்கும் தெரிந்துவிட்டது. சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுபோய்விட்டது. "இன்னும் ரெண்டு வையிங்க" என்று பரிமாறுகிறவரிடம் சொல்லிவிட்டு வெளியே பார்க்கத் தொடங்கினார்.

மறுநாள் காலையில் என்னை எழுப்பினார். "எந்திரிங்க மாப்ளே, காப்பி ஆறுது."

எந்திரிங்க. அந்த 'ங்க' என்னைச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. 'மச்சான், நான்தான் தெரியாம...' என்று ஆரம்பித்திருக்கலாம். பாவி, காப்பியை வாங்கிக் குடித்தேன். இரண்டே நாளில் ஊருக்குத் திரும்பினேன். "மச்சான் எப்படிடா இருக்காக?" என்று அக்கா ஓடி வந்தாள். "சுழல் நாற்காலியில உக்காந்திருக்காக" என்றேன்.

சண்டையில் கொழும்பில் குண்டு விழுந்ததும் அவரும் ஊர் வந்து சேர்ந்தார். கால் இரண்டும் வீங்கிப் போயிருந்தன. "நாற்காலியிலயே உக்காந்து உக்காந்து ரத்தம் எறங்கிருச்சு" என்று அக்கா எண்ணெய் தேய்த்துவிடுவாள். நானும் அவரும் வேறு வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருப்போம். அவர் அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் இருந்தார். கடைசிவரை எனக்கு 'வாங்க'தான், 'போங்க'தான். "மச்சினனுக்கு மனுசன் குடுக்குற மருவாதையைப் பாரு" என்று ஊரே மெச்சியது. எனக்கு உடம்பெல்லாம் கூசும்.

ஒரு தடவை நார்த்தாமலை மாரியம்மன் திருவிழாவுக்கு வில்வண்டி பூட்டிக்கொண்டு போய் அவர் வாசலில் நின்று, "ஏறுங்க மச்சான்" என்றேன். "நீங்க உக்காருங்க, நான் நடந்தே வாரேன்" என்று அந்தக் காலை வைத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் நடந்தார். அந்த முதுகை நான் முன்பே பார்த்திருக்கிறேன். குதித்து இறங்கி அவரோடு நடந்தேன். அப்போதாவது ஒரு 'டா' போடுவார் என்று பார்த்தேன். போடவில்லை.

நான் கப்பலேறிய தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கைரிக்‌ஷாக்களும் இல்லை. அக்கா போய்விட்டாள். அவள் கடைசிவரை ஒரு மேனேஜரின் பெண்டாட்டியாகவே போனாள். மச்சானும் இல்லை. முந்தாநாள் மறுபடி அந்தத் தம்பியின் ஆட்டோவிலேயே வீட்டுக்கு வந்தேன். பின்னால் உட்கார்ந்தால் தெரிகிறது முதுகு மட்டும்தான். இறங்கியதும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தத் தம்பியின் முகத்தை நன்றாக ஒருமுறை பார்த்தேன். "என்ன தாத்தா, அப்படிப் பாக்குறீங்க?" என்றான்.

அந்தக் கொழும்பு வாசலில் என்னை ஒருவர் 'வாடா' என்று கூப்பிட்டார். அதுதான் கடைசி.