இடம் ஒரு வெட்டு, வலம் ஒரு வெட்டு

இடது காதுக்கு மேல் ஒரு வெட்டு வெட்டிவிட்டு, நாற்காலியைச் சுற்றி வலது பக்கம் போகிறார். அங்கே ஒரு வெட்டு. மறுபடி இடது பக்கம். செக்குமாடுகூட ஒரே திசையில்தான் சுற்றும்; இவர் போய்ப் போய்த் திரும்புகிறார். எங்கள் தெருவின் முடிதிருத்துபவரிடம் தலையைக் கொடுத்துவிட்டு அவசரப்பட்டால் நடக்காது.

முதல் தடவை நான் காரணம் கேட்டேன். கத்திரியால் மேலே காட்டினார்.

"ஆண்டவர் எப்ப வருவார்னு யாருக்குங்க தெரியும்? ஒரு பக்கம் வெட்டி, ஒரு பக்கம் காடாட்டம் நீங்க மேல போய் நின்னா, இது யார் வெட்டின தலைன்னு கேக்க மாட்டாங்களா? மானம் போறது எனக்குத்தானே!"

மேலே போகும் உத்தேசம் எதுவும் எனக்கு அப்போது இல்லை. ஜெபக்கூட்டத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவன் நான். இருந்தாலும் என்னையும் கணக்கில் சேர்த்துக்கொண்டாரே என்று சந்தோஷமாக இருந்தது.

தெருவில் அவருக்கு 'ஆயத்தம்' என்று பெயர். மற்றவர்கள் "சௌக்கியமா?" என்று கேட்கும் இடத்தில் அவர் "ஆயத்தமா?" என்பார். ஆண்டவர் வருகைக்குத் தயாரா என்று பொருள். புதிதாகக் குடிவந்த ஒருவர், பல் பிடுங்கிக்கொள்ளப் போனவர், இது தெரியாமல் "எங்கங்க, நினைச்சாலே நடுங்குது" என்று சொல்லிவிட்டார். அவரைப் பிடித்து உட்காரவைத்து ஜெபம் செய்துதான் அனுப்பினார். பல் போய்விட்டது. நடுக்கம் போனதா என்று நான் விசாரிக்கவில்லை.

தூங்கும்போதும் இஸ்திரி போட்ட சட்டைதான். கசங்கிவிடுமென்று மல்லாந்தே படுப்பார், புரளமாட்டார். "மனுஷன் தூங்கறாரா, போய்ச் சேந்துட்டாரான்னு தெரியாது. தினம் மூக்குல விரல வெச்சுப் பாத்துட்டுத்தான் நான் எழுப்பறது" என்பார் அவர் மனைவி.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடைதான் சபை. ஆயத்தமாக இருப்பவர்கள் தனித்தனியாக இருக்கக் கூடாது, கூடியிருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. சுழல் நாற்காலிகளில் எல்லாரும் கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்து பாடுவார்கள். ஜெபத்தில் யார் கண்ணசந்தாலும் எதிரே கண்ணாடி காட்டிக்கொடுத்துவிடும். ஒருமுறை ஆராதனை உச்சத்தில் ரொட்டிக்கடை அம்மாவின் கால் மிதிகட்டையில் பட்டு, நாற்காலி அவரை மெல்ல மேலே தூக்க ஆரம்பித்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு "வந்துட்டேன் ஆண்டவரே!" என்றார். சபை முழுக்க ஸ்தோத்திரம் என்று முழங்கியது. இதையெல்லாம் சொன்னது வாசலில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள்.

அத்தனை நாற்காலிகளில் ஒன்று மட்டும் காலியாகவே இருக்கும். மடித்த துண்டு ஒன்று அதன்மேல் கிடக்கும். அது அவருடைய மச்சானின் நாற்காலி, அதாவது மனைவியின் அண்ணனுடையது. இருவரும் ஒன்றாகத்தான் தொழில் செய்தார்கள். மச்சானுக்கு முழங்கால் வலி. சுற்றிச் சுற்றி வெட்ட முடியவில்லை. ஒருநாள் கேட்டுவிட்டார்.

"ஆண்டவர் வரும்போது கண்ணிமைக்கிற நேரத்துல நம்ம உடம்பே மாறிடும்னு நீங்கதானே சொல்றீங்க மாப்ள? அப்புறம் கிருதா மட்டும் மாறாம அப்படியே தொங்குமா?"

"மாத்தறது அவர் வேலை மச்சான். பாதியில விடாம இருக்கறது நம்ம வேலை."

பேச்சு முற்றி, மச்சான் எதிர்ச்சாரியில் தனிக் கடை போட்டார். 'ஒரு பக்கம் முடித்தே மறுபக்கம்' என்று பலகையும் மாட்டினார். மோட்சத்துக்கும் கிருதாவுக்கும் முடிச்சுப் போட்டு ஒரு குடும்பம் பிரிந்ததை நான் பார்த்ததும் கேட்டதும் அதுதான் முதல். சபையில் சுருதி பிடிக்கிற குரல் மச்சானுடையது. அவர் போனபின் பாட்டு எங்கோ ஆரம்பித்துக் கீச்சென்று முடிகிறது. போதாக்குறைக்கு மனைவி, "எங்க அண்ணன இங்க விட்டுட்டு நீங்க மட்டும் மேல போவீங்களோ? போங்க, நான் வரல" என்று சொல்லிவிட்டார்.

"எல்லாம் ஆயத்தம்ங்க" என்றார் அவர் என்னிடம், குரலைத் தணித்து. "இது ஒண்ணுதான் பாதியில நிக்குது." எனக்குச் சிரிப்பு வரவில்லை, பாவமாக இருந்தது.

போன வாரம் நான் நாற்காலியில் இருந்தேன். இடது பக்கம் ஒரு வெட்டு வெட்டிவிட்டு வலப்பக்கம் நடந்தார். அப்போதுதான் தெருமுனையிலிருந்து அந்தச் சத்தம் கிளம்பியது. நீண்டு, கணீரென்று, நிற்காமல். ஆண்டவர் வரும்போது ஊதும் என்று அவர் சொல்லும் எக்காளம்! கண்ணாடியில் அவர் முகம் வெளுத்தது. அவிசுவாசியான எனக்கே முதலில் தோன்றியது, ஐயோ, வலப்பக்கம் ஒரு வெட்டு பாக்கி என்பதுதான்.

அவர் வானத்தைப் பார்க்கவில்லை. எதிர்க் கடையைப் பார்த்தார். "மச்சான்!" என்று கத்திக்கொண்டு கத்திரியோடு ஓடினார்.

கழுத்தில் கட்டிய துணியோடு நானும் வாசலுக்குப் போனேன். எதிரிலிருந்து மச்சான் சவரக்கத்தியோடு நொண்டி நொண்டி ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் அவருடைய வாடிக்கையாளர், ஒரு கன்னம் பளபளவென்று, மறு கன்னம் நிறைய சோப்பு நுரையோடு. நடுத்தெருவில் ஒரு லாரி. ஹார்ன் சிக்கிக்கொண்டு அலறியது. குறுக்கே கத்திரியும் கத்தியுமாக இரண்டு பேர் வந்து நின்றதும் ஓட்டுநர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

"மச்சான், நான் சொன்னது தப்பு!"

"என்ன? கேக்கல மாப்ள!"

"நான் சொன்னது தப்பு!"

ஹார்ன் அந்த நொடியில் நின்றுதொலைத்தது. கடைசி 'தப்பு' தெரு முழுக்கக் கேட்டது.

மச்சான் என் தலையைப் பார்த்தார், பிறகு தன் ஆளின் நுரைக் கன்னத்தைப் பார்த்தார். "இல்ல மாப்ள. நிஜமா இருந்திருந்தா இந்த மனுஷன் இப்படியே போயிருப்பாரு. நீங்க சொன்னதுதான் சரி" என்றார். நுரைக்காரர் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார், வாயில் சோப்பு போனது.

நால்வரும் கடைக்குள் வந்தோம். காலி நாற்காலியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, மச்சான் நுரைக்காரரை அதில் உட்காரவைத்து, பாதியில் நின்றுபோன கன்னத்தை முதலில் முடித்தார். பிறகு, பழைய நாற்காலியில் உட்கார்ந்துவிட்ட என் வலது பக்கம் வந்து நின்றார். இவர் இடது பக்கம் நின்றார்.

வலப்பக்கம் ஒரு வெட்டு இன்னும் பாக்கி. சுற்றிப் போகக் காலெடுத்தவர், எடுத்த காலைக் கீழே வைத்தார். கத்திரியைத் திருப்பி, பிடிப்பக்கம் முன்னால் இருக்க, என் தலைக்கு மேலாக மச்சானிடம் நீட்டினார்.